தனுஷ்கோடிப் புத்தகம்: அட்டை வளைந்தால், நீலம் வெளுத்தால், உப்பு பூத்தால்

செட்டிநாட்டில் இருந்துகொண்டு கடல் துயரம் ஒன்றைப் பற்றிக் கையால் புத்தகம் செய்ய நினைப்பவர்களில் பலர் தனுஷ்கோடியில்தான் வந்து நிற்கிறார்கள். அதில் வியப்பில்லை. ராமேஸ்வரம் போகும் போட் மெயில் ரயில் இன்றும் காரைக்குடி வழியாகத்தான் போகிறது. கொழும்புக்கும் கண்டிக்கும் கொண்டு விற்க, அதாவது வணிகம் செய்ய, போனவர்கள் தனுஷ்கோடித் துறையில் இறங்கி, அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஏறினார்கள். 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் புயலோடு எழுந்த கடல் அந்தத் துறையையும் ஊரையும் பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த 653-ஆம் எண் பாசஞ்சர் ரயிலையும் கொண்டுபோனது. ஒரு ஊரே இல்லாமல் போன இரவு அது.

இந்தக் குறிப்புகள் ஏற்கெனவே புத்தகம் செய்யத் தொடங்கி, நடுவில் ஏதோ ஒன்று கெட்டுப்போய் நிற்பவர்களுக்கு. விசிறி மடிப்பு, சயனோடைப் முறையில் அச்சிட்ட நீலப் படம், கண்டாங்கி என்ற கட்டம் போட்ட புடவைத் துணியில் அட்டை, மேலே ஒரு பெட்டி என்ற அமைப்பை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். உங்கள் புத்தகம் வேறு மாதிரி இருந்தாலும் கோளாறுகள் பெரும்பாலும் இவைதான்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கடலைப் பற்றிய புத்தகத்தில் கறை, துரு, உப்பு, கிழிசல் எல்லாமே அழகாகத் தெரியும். அதனால் நாம் செய்த சேதம் எது, தானாக வந்த சேதம் எது என்ற கோடு சீக்கிரம் அழிந்துவிடும். அட்டைக்காகத் தன் பழைய கண்டாங்கியைக் கொடுத்த ஆச்சி ஒருவர், உப்புத் தண்ணீரில் நனைத்த மாதிரிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, “எங்க ஐயா கொழும்புலேருந்து போட்ட கடுதாசியெல்லாம் இன்னும் பெட்டியில அப்படியே இருக்குப்பா. நீ செய்யும்போதே நனைச்சுட்டா அது எத்தனை நாளைக்கு நிக்கும்?” என்று கேட்டார். கீழே உள்ள எல்லாத் தீர்வுகளும் அந்தக் கேள்விக்குப் பதில்தான். கடலைப் பக்கத்தில் காட்டுங்கள். கடல் நீரைப் பக்கத்துக்குள் விடாதீர்கள்.

அட்டை வளைந்துகொண்டது

எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்று பாருங்கள். வெளிப்பக்கமாக, அதாவது பக்கங்களை விட்டு விலகி வளைந்திருந்தால், மேலே ஒட்டிய துணி காயும்போது இழுத்திருக்கிறது என்று அர்த்தம். உட்பக்கமாக வளைந்திருந்தால், உள்ளே ஒட்டிய காகிதம் அதிக ஈரத்தோடு ஒட்டப்பட்டுக் காயும்போது சுருங்கியிருக்கிறது.

வெளிவளைவைச் சரிசெய்வது சுலபம். உள்பக்கம் ஒரு தாளைப் பசை தடவி ஒட்டி, இருபுறமும் மை ஒற்றும் தாள் வைத்து, கனமான பலகைக்கு அடியில் விடுங்கள். ஒற்றும் தாளை முதல் நாளில் இரண்டு மூன்று தடவை மாற்ற வேண்டும். அந்தத் தாள் இழுக்கிற இழுப்பு துணியின் இழுப்புக்குச் சமமாகிவிடும். உள்வளைவு அப்படிச் சுலபத்தில் திரும்பாது. ஒட்டிய தாளை ஈரத்துணியால் ஊறவைத்து உரித்துவிட்டு, மெல்லிய தாளைக் கெட்டிப் பசையில் மறுபடி ஒட்டுவதுதான் வழி. ஃபெவிகால் போட்டு ஒட்டியிருந்தால் உரிக்க முடியாது, புது அட்டைதான். உரிக்க வேண்டி வரக்கூடிய எந்த இடத்துக்கும் மைதாப் பசைதான் என்று நான் பிடிவாதமாக இருப்பது இதனால்தான்.

அட்டையில் நார் ஓடும் திசையையும் பாருங்கள். அட்டையை இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் எளிதாக வளையும். அந்த வளைவின் கோடு புத்தகத்தின் முதுகுக்கு இணையாக இருக்க வேண்டும். குறுக்கே வெட்டியிருந்தால் எத்தனை பாரம் வைத்தாலும் மறுபடி வளையும்.

நம் ஊர்ப் பிரச்சினை ஒன்றும் இதில் சேர்கிறது. பங்குனி, சித்திரையில் ஒட்டிய அட்டையை வளவு வாசலில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், வெயிலில் வைக்கிறார்கள். மேல்பக்கம் சட்டென்று காய்ந்து சுருங்கும், கீழ்ப்பக்கம் ஈரமாகவே இருக்கும், முடிந்தது. அட்டை காய வேண்டியது நிழலில், பாரத்துக்கு அடியில், பொறுமையாக.

விசிறி மடிப்பு நேராக நிற்காமல் சாய்கிறது

பெரும்பாலும் அளந்து அளந்து மடித்ததால் வருவது. ஒரு மடிப்புக்கு அரை மில்லிமீட்டர் பிசகினால் 32-ஆவது மடிப்பில் 16 மில்லிமீட்டர் விலகியிருக்கும். ஸ்கேலை எடுத்து வைத்துவிடுங்கள். தாளைச் சரிபாதியாக மடியுங்கள். ஒவ்வொரு பாதியையும் மறுபடி பாதியாக, அதையும் பாதியாக. கடைசியில் ஒன்றுவிட்டு ஒன்று மடிப்பைத் திருப்பிப் போட்டால் விசிறி வந்துவிடும். பிசகு இருந்தாலும் அது ஒரே பக்கம் சேர்ந்துகொண்டே போகாது.

ஹேண்ட்மேட் காகிதமாக இருந்தால் அதன் ஓரம் பிசிறாக இருக்கும். பார்க்க நன்றாக இருக்கிறது என்று நான்கு ஓரத்தையும் அப்படியே விட்டால் எந்த ஓரத்தை நம்பி மடிப்பது? அடி ஓரத்தை மட்டும் நேராக வெட்டிவிட்டு, மேல் ஓரத்தைப் பிசிறாக விடுங்கள். அலை விளிம்பு மேலே கிடைக்கும், புத்தகமும் மேசையில் நேராக நிற்கும்.

விசிறியைப் பாம்பன் பாலமாக நினைத்துச் செய்பவர்கள் உண்டு. நல்ல யோசனை. புயல் அந்தப் பாலத்தின் பெரும்பாலான கர்டர்களை, அதாவது இரும்பு உத்தரங்களை, கடலில் தள்ளியது. கப்பலுக்குத் திறக்கும் நடுத் தூக்குப்பாலம் தப்பித்தது. ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் பாலத்தைத் திரும்ப நிறுத்தினார்கள். இந்த உடைந்த வரிசையைக் காட்ட மடிப்புகளை நடுநடுவே வெட்டி எடுத்துவிடுகிறார்கள். அப்புறம் புத்தகம் நிற்பதில்லை. மடிப்பைத் தொடாமல், மடிப்புக்கும் மடிப்புக்கும் நடுவில் உள்ள தட்டைப் பகுதியில் மட்டும் வெட்டுங்கள். மேலும் கீழும் இரண்டு விரல் அகலம் முழுசாக இருக்கட்டும். ஏற்கெனவே மடிப்பை வெட்டிவிட்டீர்கள் என்றால், வெட்டிய இடத்துக்குப் பின்னால் மெல்லிய துணிப்பட்டை ஒன்றை ஒட்டி, அது காய்ந்தபின் மறுபடி மடியுங்கள். பின்பக்கத்தில் பட்டை தெரியும், தெரிந்தால் பரவாயில்லை. பாலத்திலும் பழுது பார்த்த இடம் இருக்கத்தானே செய்யும்.

நீலம் நிற்கவில்லை

இங்கேதான் அதிகம் பேர் திணறுகிறார்கள், அதனால் விரிவாகவே சொல்கிறேன். சயனோடைப் என்பது 1842-இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த முறை. ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் 25 கிராமை 100 மில்லி நீரிலும், பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10 கிராமை இன்னொரு 100 மில்லி நீரிலும் தனித்தனியாகக் கரைத்து, வேண்டியபோது சம அளவில் கலந்து, மங்கிய மஞ்சள் விளக்கில் காகிதத்தில் பூசி, இருட்டில் காயவைத்து, மேலே படத்தின் நெகட்டிவையோ பொருளையோ வைத்து வெயிலில் காட்டிக் கழுவினால் அடர் நீலம் வரும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஃபெரிசயனைடைச் சூடாக்கவோ கடும் அமிலத்தில் சேர்க்கவோ கூடாது.

கழுவும்போதே நீலம் ஓடுகிறது என்றால் வெயில் போதவில்லை. வெயிலில் இருக்கும்போதே, அடர்த்தியாக வர வேண்டிய இடம் நீலத்தைத் தாண்டி வெண்கலச் சாம்பல் நிறத்துக்குப் போயிருக்க வேண்டும். அதற்கு முன்பே எடுத்துவிடுகிறோம், அவ்வளவுதான் விஷயம். நம் ஊர் உச்சி வெயிலில் சில நிமிடமே போதும் என்று நினைக்கிறோம். ஆனால் மார்கழிக் காலை வெயில் வேறு, சித்திரை மதியம் வேறு. ஒரு துண்டுக் காகிதத்தை நிமிடத்துக்கு நிமிடம் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து காட்டிச் சோதித்துவிட்டு அந்த நாளின் நேரத்தை முடிவு செய்யுங்கள். நேரம் சரியாக இருந்தும் ஓடினால், பூச்சு தடிமனாகிக் காகிதத்துக்குள் இறங்காமல் மேலேயே நின்றிருக்கும். அகலமான தூரிகையில் மெல்லிசாக இரண்டு முறை பூசுங்கள்.

வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்திலும் நீலம் படர்ந்திருந்தால் பூசும்போதோ காயும்போதோ வெளிச்சம் பட்டிருக்கிறது, அல்லது கலந்து வைத்த கரைசல் பழையது. கலந்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும். செட்டிநாட்டு வீட்டில் ஜன்னல் இல்லாத உள்ளறைக்குப் பஞ்சமில்லை. வளவைச் சுற்றி இருக்கும் அறைகளில் ஒன்றைக் கதவைச் சாத்திக்கொண்டால் போதும்.

மூன்றாவது கோளாறுதான் மனதை வருத்துவது. படம் அருமையாக வந்திருக்கும். சில வாரத்தில் மங்கும், ஓரத்தில் மஞ்சள் பழுப்பு ஏறும். வெளிச்சத்தால் மங்கியிருந்தால் பயமில்லை. இருட்டில், காற்றுப் பட ஒன்றிரண்டு நாள் வைத்தால் நீலம் பெருமளவு திரும்பும். பழுப்பு ஏறினால் அது காரத்தின் வேலை. அது திரும்பாது.

காரம் எங்கிருந்து வருகிறது? முதல் சந்தேகம் போர்வெல் தண்ணீர். அதில் கழுவினாலே சில இடங்களில் நீலம் இளைக்கும். மழைநீர் பிடித்து வைத்திருந்தால் அதில் கழுவுங்கள். வளவு முற்றத்தில் கூரைத் தண்ணீரை அண்டாவில் பிடிக்கிற வழக்கம் உள்ள வீடுகளுக்கு இது பெரிய வசதி. முடியாவிட்டால் முதல் கழுவும் நீரில் ஒரு தட்டுக்கு இரண்டு ஸ்பூன் வினிகர் சேர்த்துவிட்டு, அடுத்தடுத்து சாதா நீரில் மஞ்சள் முற்றிலும் போகும்வரை அலசுங்கள். இரண்டாவது சந்தேகம் காகிதம். நெடுநாள் தாங்கும் என்று விற்கிற சில காகிதங்களில் சுண்ணாம்புத் தூள் சேர்த்திருப்பார்கள். அது பென்சிலுக்கும் மைக்கும் நல்லது, இந்த நீலத்துக்கு எதிரி. சாதாப் பருத்திக் காகிதமே மேல்.

மூன்றாவது சந்தேகம் நம் ஊருக்கே உரியது. செட்டிநாட்டுச் சுவரின் பளபளப்பை அட்டையில் கொண்டுவர ஆசைப்பட்டு, சுண்ணாம்பு, கிளிஞ்சல் பொடி, முட்டை வெள்ளைக்கரு கலந்த பூச்சை முயல்கிறார்கள். சுவரில் நூறு வருடம் நிற்கிற பூச்சு, புத்தகத்தில் பக்கத்து நீலத்தைத் தின்றுவிடும். சுண்ணாம்பு பட்ட இடத்தில் நீலம் உடைந்து துரு நிறம்தான் மிஞ்சும். பூச்சு வேண்டும் என்றால் பெட்டியின் வெளிமூடியில் மட்டும் பூசி, நன்றாக இறுகும்வரை வாரக்கணக்கில் தனியே வைத்துவிட்டு, அப்புறம் புத்தகத்தை உள்ளே வையுங்கள்.

இதே குணத்தை வேண்டுமென்றே பயன்படுத்தவும் செய்யலாம். தனுஷ்கோடிப் புத்தகத்தில் நான் பார்த்தவற்றில் மிக அழகான பக்கம் அப்படி வந்ததுதான். நன்கு காய்ந்த நீலப் பக்கத்தை நனைத்துக்கொண்டு, சுண்ணாம்புத் தெளிவு நீரை மெல்லிய தூரிகையில் எடுத்துக் கரை இருக்க வேண்டிய கோட்டில் இழுத்தால், நீலம் கண்ணெதிரே ஊதாவாகி, சாம்பலாகி, ஈர மணல் நிறத்தில் வந்து நிற்கும். ஓரங்களில் நீலம் விட்டும் விடாமலும் நுரை மாதிரி ஒதுங்கும். போதும் என்று தோன்றியவுடன் நிறைய நீரில் அலச வேண்டும். நிறுத்தும் இடம் உங்கள் கையில் இருக்கிறது. அலசாமல் விட்டால் மிச்சக் காரம் ஒரு மாதத்தில் கடல் முழுவதையும் மணலாக்கிவிடும்.

நீலம் சீக்கிரம் முழு அடர்த்திக்கு வரவில்லையே என்று தவிக்க வேண்டாம். காய்ந்து ஒரு நாள் ஆனால் தானாக ஆழமாகும். உடனே பார்க்க வேண்டும் என்றால் மருந்துக்கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு மூடி ஊற்றிய நீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்து அலசலாம்.

ஐப்பசி வந்ததும் பக்கம் பிசுபிசுக்கிறது, வெள்ளையாகப் பூக்கிறது

கடல் நீரைப் பக்கத்தில் தெளித்தோ, அதில் ஊறவைத்தோ காயவைத்திருக்கிறீர்கள். கோடையில் ஒன்றும் தெரிந்திருக்காது. கடல் உப்பில் சோடியம் குளோரைடு மட்டும் இல்லை, மெக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. அது காற்றில் ஈரம் கொஞ்சம் இருந்தாலே உறிஞ்சிக்கொள்ளும். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் பக்கம் ஈரமாகும், உப்பு கரைந்து வேறு இடத்துக்கு நகரும். தையில் காய்ந்ததும் அங்கே படிகமாகி நாரைப் பிளக்கும். அடுத்த வருடம் மறுபடி. இரண்டு மூன்று மழைக்காலத்தில் காகிதம் விரலில் உதிரும்.

பக்கத்தில் உள்ள மை தண்ணீர் தாங்குமா என்று ஓரத்தில் ஈரப் பஞ்சால் ஒற்றிப் பாருங்கள். தாங்கும் என்றால் பக்கத்தை ஒரு நைலான் வலைத்துணி மேல் வைத்து, அகலத் தட்டில் மழைநீரில் மூன்று நான்கு முறை நீர் மாற்றி அலசி, மை ஒற்றும் தாள்களுக்கு நடுவில் காயவையுங்கள். கடைசித் தண்ணீரில் ஒரு சொட்டை எடுத்துக் கண்ணாடித் துண்டில் காயவிட்டுப் பாருங்கள். வெள்ளைத் தடம் விழுந்தால் இன்னொரு முறை அலச வேண்டும். மை தாங்காது என்றால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து, புதுக் காகிதத்தில் மறுபடி செய்யுங்கள். அசலைத் தனி உறையில் வையுங்கள், புத்தகத்தில் சேர்க்க வேண்டாம்.

உப்புத் தடம் போன்ற தோற்றம்தான் வேண்டும் என்றால் உருக்கிய மெழுகைத் தூரிகையால் சிதறி, மேலே நீர்வண்ணம் பூசுங்கள். மெழுகு பட்ட இடத்தில் வண்ணம் ஏறாது. அசல் உப்போடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால்கூடக் கண் ஏமாறும்.

உண்மையான கடல் நீரையோ மணலையோ வைத்தே ஆக வேண்டும் என்று மனம் சொன்னால், அது பெட்டியின் அடித்தட்டில், மூடிய கண்ணாடிக் குப்பியில் இருக்கட்டும். மணலைப் பக்கத்தில் ஒட்டினால் எதிர்ப் பக்கத்தை அது தேய்த்துக்கொண்டே இருக்கும். எடுத்து வரும் மணலும் ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம். நன்னீரில் பல முறை அலசி வெயிலில் காயவைத்த பின்பே குப்பியில் போடுங்கள். தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் சுவர்களில் பவளக்கல் நிறைய இருக்கிறது. கரையிலும் கிடக்கும். அதில் துண்டு ஒன்றுகூட எடுக்காதீர்கள். பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. சட்டத்தை விடுங்கள், அந்தச் சுவர்கள்தான் அந்த ஊரின் கடைசி மிச்சம்.

துருக்கறை அடுத்த பக்கத்துக்கும் போய்விட்டது

தண்டவாளத்தைக் காட்டத் துருப்பிடித்த ஆணியையும் கம்பியையும் ஈரக் காகிதத்தில் வைத்துச் சுற்றி அச்சு எடுக்கிறோம். அதில் கடுக்காய் நீர் பட்டால் கருப்பாகும், கலம்காரித் துணியில் கருப்பு வருவதும் இரும்பும் கடுக்காயும் சேர்ந்துதான். இந்தக் கருப்பு நீலத்துக்குப் பக்கத்தில் நிற்கும்போது இரவுக் கடலுக்கு வேறு நிறமே வேண்டாம் என்று தோன்றும்.

ஆனால் மிச்ச இரும்பு காகிதத்தை மெல்ல அரிக்கும். பழைய இரும்பு மையில் எழுதிய பத்திரங்களில் எழுத்து இருந்த இடமே ஓட்டையாகிப் போனதைப் பார்த்திருப்பீர்கள். அச்சு எடுத்ததும் தளர்வாக ஒட்டியிருக்கும் துருவையெல்லாம் அலசி வெளியேற்றுங்கள். கடுக்காய் நீர் தாராளமாக இருக்கட்டும், இரும்பு குறைவாக இருக்கட்டும். கறை பரவியிருந்தால் நடுவில் மெல்லிய தாள் ஒன்றை இடையில் வைப்பதுதான் வழி. அந்தத் தாளும் சுண்ணாம்பு சேராததாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எதிர்ப்பக்க நீலம் போய்விடும். இரும்பு ஆணியையோ ஸ்டேப்ளர் பின்னையோ புத்தகத்துக்குள் நிரந்தரமாக வைக்காதீர்கள்.

கண்டாங்கி அட்டையில் பசை கசிந்து கறையாகிவிட்டது

நெசவு தளர்வான துணியில் பசையை நேராகத் தடவினால் மேலே வந்துவிடும். காய்ந்த கறையை ஈரத்துணியால் துடைக்கப் போனால் சாயம் கலையும். கசிந்தது கசிந்ததுதான். புதுத் துண்டை எடுத்து இந்த முறை துணிக்குப் பின்புறம் காகிதம் கொடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடித் தகடு ஒன்றில் துணியை முகம் கீழாக விரித்து, லேசாக நீர் தெளித்துக் கட்டத்தை நேராக்குங்கள். மெல்லிய தாளில் பசை தடவி, ஒரு நிமிடம் ஊறவிட்டு, துணியின் முதுகில் தூக்கிப் போட்டு, தட்டித் தட்டி ஒட்டுங்கள். தேய்க்கக் கூடாது. காய்ந்ததும் அது பைண்டிங் துணியான கேலிகோ மாதிரி விறைப்பாகும், பசை மேலே வராது. காரைக்குடிக் கண்டாங்கியில் அரக்கும் கருப்பும் மஞ்சளும் அடர்த்தியான சாயம். தெளிக்கும் முன் ஒரு மூலையை ஈரப் பஞ்சில் ஒற்றிப் பாருங்கள்.

கட்டம் கோணலாகத் தெரிகிறது என்ற புகார் இன்னொன்று. கட்டத் துணி எந்தப் பிசகையும் மறைக்காது. அட்டையின் ஓரத்தைப் பார்க்காமல், கட்டத்தின் ஒரு இழையைப் பிடித்து அதற்கு அட்டையைச் சேர்த்து வையுங்கள்.

பழைய புடவையை வெட்டும் முன் கொடுத்தவரைக் கேளுங்கள், எந்தப் பகுதியை வெட்டலாம் என்று. முந்தியை வெட்ட விடமாட்டார்கள். அது சரிதான்.

தையல் தளர்கிறது, ஓட்டை கிழிகிறது

ஹேண்ட்மேட் காகிதம் மென்மையானது, மெல்லிய நூல் அதை அறுக்கும். சற்றுத் தடித்த பருத்தி நூலை மெழுகு தேய்த்து எடுங்கள். இழுக்கும்போது முதுகுக்கு இணையாக இழுங்கள், மேல்நோக்கி இழுத்தால் ஓட்டை கிழியும். கிழிந்த ஓட்டைக்கு உள்மடிப்பில் சிறு காகிதப் பட்டை ஒட்டி மறுபடி குத்துங்கள்.

பசையில் பூச்சி, நாற்றம், கரும்புள்ளி

நம் பைண்டர்கள் மைதாப் பசையில் மயில்துத்தமும் படிகாரமும் போடுவார்கள். கணக்குப் புத்தகத்துக்குச் சரி. இந்தப் புத்தகத்துக்கு இரண்டும் வேண்டாம். அமிலம் சேர்ந்து காகிதம் பழுக்கும், மயில்துத்தம் விஷம் வேறு, குழந்தைகள் நடமாடும் வீட்டில் வைக்கக் கூடாது. ஒரு பங்கு மைதாவுக்கு ஐந்தாறு பங்கு தண்ணீர், கட்டி இல்லாமல் கரைத்துக் கண்ணாடி மாதிரி ஆகும்வரை கிண்டுங்கள். ஆறியதும் இரண்டு சொட்டுக் கிராம்பு எண்ணெய். இரண்டு நாளுக்கு மேல் வைக்காதீர்கள். காகிதம் தின்னும் ராமபாணப் பூச்சி வராமல் இருக்க வசம்புத் துண்டைத் துணியில் முடிந்து பெட்டியின் மூலையில் போடுங்கள், ஏட்டுச் சுவடிக்குச் செய்ததுபோல. கரும்புள்ளி வந்துவிட்டால் புத்தகத்தை உடனே மற்ற புத்தகங்களிடமிருந்து பிரித்து, காற்றோட்டமான நிழலில் நன்கு உலர்த்தி, மூக்கை மூடிக்கொண்டு மென்தூரிகையால் வெளியில் வைத்துத் துடையுங்கள்.

எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் பார்ப்பவர் படபடவென்று புரட்டிவிட்டு வைத்துவிடுகிறார்

இதுவும் கோளாறுதான், மற்றவற்றைவிடப் பெரியது. பசையால் தீராது.

முதலில் பாருங்கள், புத்தகத்தில் எத்தனை கடல் இருக்கிறது? பூம்புகாரைக் கடல் கொண்ட கதை மணிமேகலையில் இருக்கிறது. அங்கிருந்து வந்ததாகச் சொல்லும் நகரத்தார் மரபில், வீட்டைத் தெருவிலிருந்து இவ்வளவு உயர்த்திக் கட்டியதே அந்த நினைவால்தான் என்று சொல்வதும் உண்டு. பர்மாவிலிருந்து 1942-இல் திரும்பிய கதை ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும். இவ்வளவையும் தனுஷ்கோடியோடு சேர்த்து ஒரே விசிறியில் மடித்தால் எதுவும் தங்காது. ஒரு இரவை எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றுக்கு வேறு புத்தகம் செய்யலாம்.

அடுத்தது எண்கள். காற்று மணிக்கு இத்தனை கிலோமீட்டர், அலை இத்தனை அடி, இறந்தவர்கள் 1,800-க்கு மேல் என்று பத்திரிகையில் வருவதைப் பக்கத்துக்குப் பக்கம் அச்சிடுகிறார்கள். எண் வந்தவுடன் கண் அதைப் படித்துவிட்டு நகர்ந்துவிடும். ஒரே ஒரு எண்ணை வையுங்கள், அது எதைச் சேர்க்கவில்லை என்பதையும் அதே பக்கத்தில் காட்டுங்கள். ரயிலில் இருந்தவர்கள் 115 பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. டிக்கெட் இல்லாமல் ஏறியவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. பழைய அட்டை டிக்கெட் அளவில் 115 துண்டுகள் வெட்டிப் பையில் வைத்து, பக்கத்தில் திறந்தால் காலியாக இருக்கும் இன்னொரு பையை வைத்தால், வாசிப்பவர் அங்கே நிற்பார். எழுத்து ஒன்றும் வேண்டியதில்லை.

வேகம் குறைக்க வேண்டிய இடத்தில் கையைத் தடுங்கள். ரயில் தனுஷ்கோடியை நெருங்கும்போது சிக்னல் தெரியவில்லை, ஓட்டுநர் நிறுத்திக் காத்திருந்து, விசில் கொடுத்துவிட்டு நகர்த்தினார் என்று சொல்வார்கள். அந்த இடத்தில் முழுக் கருப்புப் பக்கம் இரண்டை வைத்து, இரண்டாவதை உள்மடிப்பாக மூடிவிடுங்கள், பிரித்தால்தான் மேலே போக முடியும் என்று. விசிறியாக விரிக்க முடிகிற புத்தகத்தில் முழுவதையும் ஒரே பார்வையில் பார்த்துவிடலாம். அந்த ஒரு மடிப்பை மட்டும் விரிக்க முடியாமல் நூலால் கட்டினால், கையும் ஒரு கணம் அங்கே காத்திருக்கும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் பழைய பேரேடு, கடிதம், புகைப்படம் எல்லாம் கிடைக்கும். வாங்குங்கள், ஆனால் வெட்டாதீர்கள். ஸ்கேன் செய்து அச்செடுத்துப் பயன்படுத்துங்கள். புகைப்படத்தில் இருப்பவர் யாரென்று தெரியாமல் அவரைத் தனுஷ்கோடியில் இறந்தவராக உங்கள் பக்கத்தில் காட்டக் கூடாது. அவருடைய பேரன் தேவகோட்டையில் இருக்கலாம், இந்தப் புத்தகத்தைப் புரட்டலாம். முகம் தேவை என்றால் வரையுங்கள். இல்லாவிட்டால் பேரேட்டில் வரவு எழுதிய இடத்தை நிரப்பி, பற்று இருக்க வேண்டிய பக்கத்தைக் கோடு மட்டும் போட்டு விடுங்கள். கொண்டு விற்கப் போனவர் திரும்பாத வீட்டில் கணக்கு இப்படித்தான் நின்றிருக்கும்.

பெட்டி மூட மறுக்கிறது

பெட்டியைப் புத்தகம் செய்யும் முன்பே அளந்து செய்துவிட்டீர்கள். ஒட்டிய துண்டுகள், பைகள், துணிப்பட்டை எல்லாம் சேர்ந்து புத்தகம் முன்பக்கம் தடித்திருக்கும். அழுத்தி மூடாதீர்கள், மடிப்புகள் நசுங்கும். முதுகுப் பக்கம் மடிப்புகளுக்கு இடையில், பைகளின் தடிமனுக்குச் சமமாக ஒரு விரல் அகலக் காகிதப் பட்டைகளை ஒட்டுங்கள். தடிப்பு இருபக்கமும் சமமாகும். பிறகு புத்தகத்தை ஒரு வாரம் பாரத்தில் வைத்து, அதன்பின் நான்கு மூலையிலும் தனித்தனியாக அளந்து, அதிகமான அளவோடு 3 மில்லிமீட்டர் சேர்த்துப் புதுப் பெட்டி செய்யுங்கள். மழைக்காலத்தில் காகிதம் உப்பும், அந்த இடைவெளி அதற்குத்தான். கண்ணாடிக் குப்பியின் தட்டைப் புத்தகத்துக்கு அடியில் தனியாக வெளியே இழுக்கும்படி வைத்து, குப்பியின் மூடியை மெழுகால் அடைத்துவிடுங்கள்.